ஏழு முழத்தில் ஹீலலிகே

கெலமங்கலத்திலிருந்து ஓசூர் எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால் என் அவ்வா "மூணு மூர" என்று சொல்வாள். மூர என்றால் தெலுங்கில் முழம். ரயிலில் உட்கார்ந்து கனகாம்பரம் கட்டத் தொடங்கினால் ஓசூர் ஸ்டேஷன் வருவதற்குள் மூன்று முழம் முடிந்திருக்கும். ஓசூரிலிருந்து ஆனேக்கல் ரோடுக்கு இரண்டு. அங்கிருந்து ஹீலலிகேவுக்கு இரண்டு. கார்மேலாராம், பெள்ளந்தூர் ரோடு, பையப்பனஹள்ளி என்று ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு கணக்கு இருந்தது. கண்டோன்மெண்டில் இறங்கும்போது கூடையில் பதிமூன்று, பதினான்கு முழம் சுருண்டு கிடக்கும். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையில் கடிகாரம் கிடையாது. பெங்களூருக்குப் போகும் அந்த வழி முழுவதையும் விரல்களால்தான் அறிந்து வைத்திருந்தாள்.

நான் மூன்றாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையிலிருந்து அவளோடு போகத் தொடங்கினேன். 1998 என்று நினைவு. வீட்டுக்குப் பின்னால் கிணற்று மேட்டை ஒட்டி எங்களுக்குக் கனகாம்பரப் பாத்தி நான்கு இருந்தன. மல்லிகையைப் போல அதற்கு வாசனை இல்லை. அதனாலேயே பலருக்கு அது இளப்பம். அவ்வா அப்படி நினைக்கவில்லை. "மல்லி மத்தியானம் வரைக்கும்தான் மவராசி. இது நாளைக்கும் இருக்கும்" என்பாள். காற்றடித்தாலும், கூட்டத்தில் நசுங்கினாலும் நிறம் விடாத பூ. எடையும் இல்லை. ஒரு கூடை நிறையப் பறித்தாலும் தலையில் வைத்தால் துணிப்பொட்டலம் போலத்தான் இருக்கும். ரயிலில் போகவே பிறந்த பூ அது.

முந்தின நாள் வெயில் தாழ்ந்ததும் பறிப்போம். கதிரில் அடி வரிசைப் பூவை மட்டும் கிள்ள வேண்டும், மேலே இருக்கும் மொக்கில் நகம் படக்கூடாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிப்பு. முற்றிக் காய்ந்த கதிர்களை அவ்வா எனக்குத் தந்துவிடுவாள். அந்தக் காயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு உள்ளங்கையில் மூடினால் சற்று நேரத்தில் 'டப்' என்று வெடிக்கும், விதை தெறித்துக் கை கூசும். அந்தக் கூச்சத்துக்காகவே பாத்தியைச் சுற்றிச் சுற்றி வருவேன். பறித்த பூவை ஈர வெள்ளைத்துணியில் கட்டி, வாழைநாரைக் கிழித்துத் தண்ணீரில் ஊறப்போட்டு, இரண்டையும் வாசல் திண்ணையில் வைத்துவிட்டுத்தான் படுப்பாள்.

விடியாத இருட்டில் எழுப்புவாள். கோடையிலும் எங்கள் ஊரில் அந்த நேரத்தில் குளிரும். அவளுடைய பழைய புடவை ஒன்றை என் தலையோடு சுற்றிவிட்டு, ராத்திரி மிஞ்சிய ராகிக்களியை மோரில் கரைத்து ஒரு சொம்பு குடிக்க வைத்து, ஸ்டேஷனுக்கு நடத்திக் கூட்டிப்போவாள். வழியில் கொத்தமல்லித் தழைக் கட்டுகளோடும் தக்காளிக் கூடைகளோடும் இன்னும் சிலர் சேர்ந்துகொள்வார்கள். யாரும் அதிகம் பேசமாட்டார்கள். செருப்புச் சத்தமும் தழை வாசனையும் மட்டும் இருட்டில் கூட வரும்.

ஸ்டேஷனில் ஒரு சின்னச் சன்னல். அதன் வழியே தடித்த அட்டை டிக்கெட் வரும். கொடுப்பதற்கு முன் ஓர் இரும்புக் கருவிக்குள் அதைச் செலுத்தித் தேதி குத்துவார்கள், 'டக்' என்று. எனக்கு அரை டிக்கெட். அதன் ஓரத்தைத் தடவினால் அன்றைய தேதி விரலில் குழியாகத் தெரியும். திரும்பி வந்தபின் அந்த அட்டைகளை நூலில் கோத்து வைத்திருந்தேன். விடுமுறை முடிந்தபோது அது ஒரு மாலையாகியிருந்தது.

பிறகு ராயக்கோட்டைப் பக்கமிருந்து வெளிச்சம் வரும். முதலில் பாறை மேல் ஒரு மங்கல், அப்புறம் தண்டவாளம் இரண்டும் தங்கக் கம்பி போல மினுங்கும், அதற்கும் பிறகுதான் சத்தம். நான் பயத்தில் அவ்வாவின் கொசுவத்தைப் பிடித்துக்கொள்வேன். பெட்டியில் ஏறி, கழிப்பறைப் பக்கம் இல்லாத ஒரு சன்னலைப் பிடித்து, காலை மடித்துப் போட்டு உட்கார்ந்ததும் அவள் செய்யும் முதல் காரியம் நாரின் நுனியைக் கால் கட்டைவிரலில் சுற்றுவதுதான். வண்டி கிளம்பும் குலுக்கலோடு முதல் கண்ணி விழும். இந்தப் பக்கம் இரண்டு பூ, அந்தப் பக்கம் இரண்டு பூ, நடுவில் ஒரு சுற்று, ஓர் இழுப்பு. அந்த இழுப்பைப் பார்த்தால் போதும், அவளுக்குக் கோபமா, சந்தோஷமா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

ஓசூரில்தான் பெட்டி நிறையும். மாதச் சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்கள், பெங்களூரில் கட்டட வேலைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள். எதிர்த் திசையில் ஓசூரின் சிப்காட் ஆலைகளுக்கு வேலைக்கு வருகிறவர்களும் உண்டு. லேலண்டும் டி.வி.எஸ்.ஸும் டைட்டனும் வந்து ஊர் தலைகீழாக மாறியிருந்த காலம் அது. ஆனால் எனக்கு அந்த வயதில் பெரிய அதிசயம் பெயர்ப் பலகைகள்தான். ஓசூர்ப் பலகையில் முதல் வரி தமிழ். ஆனேக்கல் ரோடு பலகையில் முதல் வரி கன்னடம். இரண்டுக்கும் நடுவில் எந்த இடத்தில் மொழி மாறுகிறது என்று கண்டுபிடிக்க நான் சன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு வருவேன். கோடு எதுவும் தெரியாது. அதே ராகிக் கொல்லை, அதே தைல மரம், அதே செம்மண். கன்னட எழுத்துகளை நான் எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. ஆனேக்கல்லின் 'ஆ'வும் ஹீலலிகேவின் 'ஹீ'யும் கார்மேலாராமின் 'கா'வும் அந்தப் பலகைகள் சொல்லிக் கொடுத்தவை.

அவ்வாவுக்குப் பலகை தேவைப்படவில்லை. வீட்டில் கட்டும்போது மூர. அல்சூர்த் தமிழர் வீட்டு வாசலில் முழம். சிவாஜிநகரில் கன்னடக்காரர்கள் "ஒந்து மொள எஷ்டு?" என்று கேட்கும்போது மொள. மூன்றையும் அவள் அதே முன்கையால்தான் அளந்தாள், முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை, அதற்குமேல் இரண்டு விரல் கொசுறு. பூவின் பெயர் மட்டும் எந்த மொழியிலும் மாறவில்லை.

சில நாள் அவள் தன் அப்பா சொன்ன கதையைச் சொல்வாள். அவர் காலத்தில் இந்தப் பக்கம் 'சின்ன ரயில்' ஓடியதாம். அது கதை அல்ல என்று பெரியவளான பிறகு தெரிந்துகொண்டேன். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் ஒரு குறும்பாதை போட்டார்கள், இரண்டரை அடி அகலத் தண்டவாளம். 1913இல் அதை ஓசூர் வரை கொண்டுவந்தார்கள். பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுபோக வேண்டும் என்பது அந்தப் பாதை போட்டதற்கான காரணங்களில் ஒன்று. இரண்டாம் உலகப் போர் நடந்த 1941இல் அதை மூடிப் பிடுங்கிவிட்டார்கள். "பாத்துக்கிட்டே இருக்கும்போது இரும்பை எல்லாம் வண்டியில ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்களாம்" என்பாள் அவ்வா. அப்புறம் 1960களின் கடைசியில் மீட்டர்கேஜ் வந்து சேரும்வரை ஒரு தலைமுறைக்கு ரயில் சத்தமே இல்லை. அந்த மீட்டர்கேஜும் 90களில் அகலப்பாதையானது. நான் ஏறியது அந்தப் புதிய பாதையில். தண்டவாளம் என்பது வந்தால் நிலைத்துவிடும் பொருள் அல்ல, திரும்பியும் போய்விடும் என்ற பயம் அவ்வாவுக்குக் கடைசிவரை இருந்தது. வண்டி வராத நாளில் அவள் கேட்பது "லேட்டா?" என்றல்ல. "நிறுத்திட்டாங்களா?" என்பாள்.

ஒற்றைத் தண்டவாளம். எதிரே ஒரு வண்டி வந்தால் இரண்டில் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டும். அனேகமாக ஒதுங்குவது எங்கள் பாசஞ்சர்தான். "கிராசிங் போட்டுட்டாங்க" என்று யாராவது சொல்வார்கள், ஆண்கள் இறங்கிப் போய் நடைமேடையில் குந்துவார்கள். எக்ஸ்பிரஸ் ஒன்று காற்றைக் கிழித்துக்கொண்டு போகும், அதன் சன்னல்களில் இருக்கும் முகங்கள் எதுவும் நம்மைப் பார்க்காது. அவ்வாவுக்கு அதில் வருத்தம் ஏதுமில்லை. ஒரு கிராசிங் என்றால் அவளுக்கு ஒரு முழம் கூடுதல்.

கார்மேலாராம் தாண்டியதும் நான் பூக்கூடையை மறந்துவிடுவேன். பெள்ளந்தூர் ரோடுக்கும் பையப்பனஹள்ளிக்கும் இடையில், மாரத்தஹள்ளிப் பக்கம், ஆகாய விமானங்கள் தாழ்ந்து வரும். அப்போது பெங்களூரின் விமான நிலையம் எச்.ஏ.எல்.லில் இருந்தது. 2008இல் தேவனஹள்ளிக்குப் போகும்வரை அங்கேதான். சக்கரத்தை வெளியே நீட்டிக்கொண்டு, வயிறு தெரிய, ஒரு வெள்ளைப் பறவை எங்கள் பெட்டியின் தலைக்கு மேலேயே இறங்குவது போல வரும். "அவ்வா, அவ்வா!" என்று அவள் தோளை உலுக்குவேன். அவள் ஒரு கண்ணியை முடித்துவிட்டு நிமிர்வதற்குள் விமானம் மரங்களுக்குப் பின்னால் மறைந்திருக்கும். அவள் ஒரு முறைகூட அதை முழுதாகப் பார்க்கவில்லை. எனக்கு அது அப்போது பெரிய குறை.

கண்டோன்மெண்டைக் கன்னடத்தில் 'தண்டு' என்பார்கள். அவ்வாவுக்கும் அது தண்டுதான். இறங்கி சிவாஜிநகர் ரசல் மார்க்கெட் ஓரமாகக் கொஞ்சம் விற்றுவிட்டு, மிச்சத்தோடு அல்சூருக்கு நடப்போம். சோமேசுவரர் கோயிலைச் சுற்றிய தெருக்களில் அவளுக்கு வாடிக்கை வீடுகள் இருந்தன. "பூவம்மா வந்தாச்சு" என்று உள்ளே குரல் கேட்கும். ஒரு வீட்டுப் பாட்டி எனக்கு எப்போதும் கடலைக்காய் உருண்டை தருவார். வெயில் ஏறுவதற்குள் கூடை காலி. கோயில் வாசலில் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் அவ்வா உட்காரும்போது முகத்தில் ஓர் இளக்கம் வரும். காசை எண்ணி, திரும்பும் டிக்கெட்டுக்கானதைத் தனியே முந்தானையில் முடிந்துகொள்வாள்.

அந்தக் கோடையில்தான் தாம்பரத்திலிருந்து மாமா வந்திருந்தார். சென்னை மின்சார ரயிலைப் பற்றி அவர் சொல்லச் சொல்ல நான் வாய் பிளந்தேன். கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931இலிருந்தே மின்சார வண்டி ஓடுகிறது, ஒன்று போனால் பின்னாலேயே இன்னொன்று, தவறவிட்டால் யாரும் அழுவதில்லை என்றார். பம்பாயில் அதற்கும் முன்பே, 1925இலேயே வந்துவிட்டதாம். "இங்கேயும் ஒரு நாள் வரும் பாரு" என்றார். அவ்வா பூவிலிருந்து கண்ணை எடுக்காமல், "அடுத்தடுத்து வண்டி வந்தா நல்லதுதான் அண்ணையா. பயந்துக்கிட்டு நடுராத்திரியில எந்திரிக்க வேணாம்" என்றாள். அவள் நடுராத்திரியில் பயந்துதான் எழுகிறாள் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஒரு நாளை மட்டும் நான் மறக்கவே முடியாது. அல்சூரில் ஒரு வீட்டில் வளைகாப்பு. இருபது முழம் சொல்லியிருந்தார்கள், பகல் பத்தரைக்குள் வேண்டும் என்று. அவ்வாவுக்கு அவ்வளவு பெரிய சொல் அதுவரை வந்ததில்லை. பக்கத்துக் கொல்லையிலிருந்தும் பூ வாங்கினாள். இரவே பாதியைக் கட்டி, மீதியை ரயிலில் முடித்துவிடலாம் என்று கிளம்பினோம். ஹீலலிகேவில் வண்டி நின்றது. வழக்கமான கிராசிங் என்று நினைத்தோம். கால் மணி, அரை மணி, ஒரு மணி. முன்னால் ஒரு சரக்கு வண்டி பழுதாகி வழியிலேயே நிற்கிறது என்றார்கள்.

அந்தக் காலத்து ஹீலலிகே ஒரு சின்ன ஸ்டேஷன். சுற்றிலும் கொல்லை. வெயில் ஏறியது. பெட்டியில் குழந்தைகள் அழுதன. சிலர் இறங்கி, பஸ் பிடிக்க ரோடு இருக்கும் திசையில் நடந்தார்கள். அவ்வாவால் இரண்டு கூடையோடும் என்னோடும் நடக்க முடியாது. அவள் நடைமேடையில் ஒரு மரத்தடியில் போய் உட்கார்ந்தாள். நான் அழ ஆரம்பித்ததும், "வண்டி நின்னா என்ன பாப்பா, கை நிக்கலையே" என்றாள். ராயக்கோட்டையிலிருந்து தக்காளியோடு வந்த ஓர் அம்மா எதிரே வந்து அமர்ந்து, "குடு, நானும் கட்டறேன்" என்று நாரைக் கிழித்தார். பிறகு ஒரு கல்லூரிப் பெண். பிறகு அந்த ஊர்க்காரி ஒருத்தி, இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு வந்தவள், குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கன்னடத்தில் ஏதோ சொல்லிக்கொண்டே கண்ணி போட்டாள். அவளுடைய கட்டு வேறு மாதிரி, நெருக்கமாக, பூ ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து. அவ்வா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எனக்கு அன்றுதான் முதல் கண்ணி போடச் சொல்லிக் கொடுத்தார்கள். என் விரலில் பூ நிற்கவில்லை. நழுவி நழுவி விழுந்ததை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

தண்டில் இறங்கியபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது. ஓடினோம். அந்த வீட்டு வாசலில் செருப்புகள் குறைந்திருந்தன. வளையல் அடுக்கி முடித்திருந்தார்கள், பெண்ணின் தலையில் வேறு யாரோ கொண்டுவந்த மல்லிகை. வீட்டுக்காரம்மா கோபப்படவில்லை. அவ்வாவின் முகத்தைப் பார்த்து, உள்ளே கூப்பிட்டு இலை போட்டு, பத்து முழத்தை எடுத்துக்கொண்டு, அதை நிலைப்படியில் சாமி படத்துக்கு மேல் சுற்றினார். மிச்சம் பத்து முழம் கூடையிலேயே இருந்தது. அவ்வா அன்று தெருவில் கூவவில்லை. சாயங்காலம் திரும்பும் வண்டியில் பெண்கள் பெட்டியில் ஏறினாள். வண்டி நகர்ந்ததும் கூடையைத் திறந்து, எதிரில் இருந்த பெண்ணின் பின்னலில் ஒரு துண்டு வைத்தாள். அடுத்து அவள் பக்கத்தில் இருந்தவளுக்கு. அப்படியே நடந்து போனாள். காசு நீட்டிய கையை மடக்கிவிட்டாள். காலையில் எங்களோடு ஹீலலிகேவில் வெயிலில் இருந்தவர்களில் சிலரும் அந்தப் பெட்டியில் இருந்தார்கள். ஆனேக்கல் ரோடு தாண்டி இருட்டிக்கொண்டு வந்தபோது மங்கலான பல்ப் வெளிச்சத்தில் பெட்டி முழுக்கத் தலைகளில் ஆரஞ்சு நிறம். வாசனை இல்லாத பூ என்பதால் கண்ணால் மட்டுமே அது தெரிந்தது. ஓசூரில் அவர்கள் இறங்கி நடைமேடையில் கலைந்து போவதைச் சன்னலில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கூட்டத்தில் எங்கே பார்த்தாலும் எங்கள் பாத்திப் பூ.

அவ்வா இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. கிணற்று மேட்டில் இப்போது வீடுகள். தருமபுரி மாவட்டத்தில் இருந்த ஊர் 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு வந்தது. எங்கள் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலை வந்தபின் கழுத்தில் அடையாள அட்டை தொங்க, பஸ் பஸ்ஸாக இளம்பெண்கள் வேலைக்குப் போகிறார்கள். தண்டவாளத்துக்கு மேலே மின்கம்பி ஓடுகிறது. பையப்பனஹள்ளிக்கும் ஓசூருக்கும் இடையே இரண்டாவது பாதை போடும் வேலை நடக்கிறது. மெட்ரோ ரயில் 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது, ஓசூருக்கு எட்டும் தூரம்தான்.

பெங்களூருக்கென்று ஒரு புறநகர் ரயில் கட்டமைப்பும் உருவாகிறது. மொத்தம் 148 கிலோமீட்டர், நான்கு தடங்கள். நீண்ட தூர வண்டிகளுக்காக ஒதுங்கி நிற்கத் தேவையில்லாமல் அதற்கெனத் தனித் தண்டவாளம். 2020இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது, 2022 ஜூன் 20 அன்று அடிக்கல் நாட்டினார்கள். நான்கு தடங்களுக்கும் பூக்களின் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று செய்தித்தாளில் படித்தபோது கையில் இருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன். சம்பிகே, மல்லிகே, பாரிஜாதா. நான்காவது கனகா. கனகாம்பரம். அந்தத் தடம் வடக்கே ராஜானுகுண்டேவிலிருந்து தெற்கே எங்கள் பாதையில் வருகிறது. வந்து ஹீலலிகேவில் முடிகிறது.

நான் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஓசூர் வரை நீட்ட வேண்டும் என்ற கோரிக்கை பலகாலமாக இருக்கிறது. மாநில எல்லை, செலவு, அனுமதி என்று காரணங்கள் இருக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் பூ வருவது ஹீலலிகேவுக்கு இந்தப் பக்கமிருந்துதான். தக்காளியும் தழையும் கொத்துவேலைக்காரரும் நர்சிங் படிக்கும் பெண்ணும் வருவதும் இந்தப் பக்கமிருந்துதான். பெருநகரத்தின் ரயில் யாருக்காக என்று கேட்டால் எனக்குத் தெரிந்த பதில் ஒன்றே ஒன்று: நடுராத்திரியில் பயந்து எழுகிறவர்களுக்காக. அந்த வண்டி ஓசூருக்கு வர வேண்டும். கெலமங்கலத்துக்கும் வர வேண்டும். இதை ஆசையாகச் சொல்லவில்லை, கேட்கிறேன்.

போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தபோது காலை வண்டியில் பெங்களூருக்குக் கிளம்பினேன். சந்தையில் உதிரிக் கனகாம்பரம் கால் கிலோவும் ஒரு கட்டு நாரும் வாங்கி வைத்திருந்தேன். சன்னலோரம் உட்கார்ந்து காலை மடித்துப் போட்டு, நாரைக் கட்டைவிரலில் சுற்றினேன். எதிரில் அடையாள அட்டை அணிந்த ஒரு பெண், இரவு வேலை முடித்து வீட்டுக்குப் போகிறவள், தூக்கக் கண்ணோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓசூரில் கூட்டம் ஏறியது. ஆனேக்கல் ரோடு பலகையில் 'ஆ' அப்படியே இருந்தது. ஹீலலிகே வந்தது. கான்கிரீட் தூண்கள், குவித்த ஜல்லி, புதிதாக வெட்டிய செம்மண். அவ்வாவின் கணக்கில் ஏழு முழம் ஆகியிருக்க வேண்டும். என் மடியில் முன்கையை நீட்டி அளந்து பார்த்தேன், ஒன்றரை முழம் வந்தது. எதிரில் இருந்த பெண் எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "குடுங்க அக்கா, எங்க அம்மா இன்னும் நெருக்கமா கட்டுவாங்க" என்று நாரை என் விரலிலிருந்து கழற்றி வாங்கிக்கொண்டாள்.